பிடி என்றால் விடு

“பிடி, பிடி!” என்று பார்ட்னர் கத்தினார். பிடித்தேன். தோளுக்கு மேலே பறந்து, தன் பாட்டுக்கு வெளியே போய் விழவிருந்த பந்தை எட்டி மறித்து, வலையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பார்ட்னர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “பிடி அந்தெ அல்வா சார்!” என்றார்.

அவர் அத்திப்பள்ளிக்காரர். கன்னடத்தில் ‘பிடி’ என்றால் ‘விடுங்கள்’. முதலெழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான். ‘விடுங்கன்னு சொன்னேன் இல்லையா சார்’ என்றுதான் அவர் கேட்டது. என் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள்: பிடி, அல்வா. சொந்த அணிக்கே அல்வா கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

ஓசூருக்குக் குடிவந்து 24 வருஷம் ஆகிறது. கீரைக்காரம்மாவிடம் தெலுங்கில் பேரம் பேசுவேன். ஜூஜூவாடி தாண்டினால் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போடுவேன். ஊர்ப் பெயரே கன்னடத்து ‘ஹொச ஊரு’, அதாவது புது ஊர் என்பார்கள். ஆனால் பிளாஸ்டிக் பந்து ஒன்று மூக்கை நோக்கி வரும்போது மூளை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பதில்லை. நேராகத் தாய்மொழிக்கு ஓடிவிடுகிறது. அதிலும் நம் பேச்சுவழக்கில் அது ‘புடி’. கன்னடத்தில் ‘புடி’ என்றால் பொடி. அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

பாகலூர் சாலைப் பக்கம் ரோஜாத் தோட்டத்தை ஒட்டி ஒருவர் இரண்டு பிக்கிள்பால் கோர்ட் போட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால், சிப்காட் கம்பெனி பஸ் வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆடலாம். இரட்டையர் ஆட்டத்தில் சர்வ் போடுமுன் மூன்று எண்களை உரக்கச் சொல்ல வேண்டும்: நம் பாயிண்ட், எதிரணி பாயிண்ட், நம் இருவரில் எத்தனையாவது ஆள் சர்வ் போடுகிறார் என்பது. ஆட்டம் 0-0-2 என்று தொடங்கும். ரோஜாத் தோட்டக்காரர் தெலுங்கில் “சுன்னா சுன்னா ரெண்டு” என்பார். அத்திப்பள்ளிக்காரர் “சொன்னெ சொன்னெ எரடு” என்பார். புதிதாக வேலைக்கு வந்த மதுரைக்காரர் ஒருவர் முதல் நாள், “நான் ஒண்ணுமே சொல்லலையே” என்று பதறிவிட்டார்.

இந்த ஆட்டம் பிறந்ததே இப்படி ஒட்டுப்போட்டுத்தான். 1965 கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்டும் அவர் நண்பர் பில் பெல்லும், பொழுது போகவில்லை என்று அனத்திய பிள்ளைகளுக்கு ஏதாவது விளையாட்டுக் காட்டப் பார்த்தார்கள். பாட்மிண்டன் கோர்ட் இருந்தது, சாமான்கள் முழுதாக இல்லை. டேபிள் டென்னிஸ் மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் அகப்பட்டன. பிறகு பார்னி மெக்கல்லமும் சேர்ந்துகொள்ள, விதிகள் உருவாயின. கோர்ட் இன்றும் பாட்மிண்டன் இரட்டையர் அளவுதான்: 44 அடிக்கு 20 அடி. பெயர் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பிரிச்சர்டு வீட்டு நாயின் பெயர் பிக்கிள்ஸ் என்பது ஒன்று. படகுப் போட்டியில் மற்ற படகுகளில் இடம் கிடைக்காமல் மிஞ்சியவர்களைச் சேர்த்து ஏற்றும் ‘பிக்கிள் படகு’தான் காரணம் என்பது பிரிச்சர்டு மனைவியின் கட்சி. எங்கள் கோர்ட்டில் நிற்கும் ஆட்களைப் பார்த்தால் நான் அந்த அம்மா கட்சி.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் மும்பையின் சுனில் வலவல்கர். 2008-ல் அகில இந்தியச் சங்கமும் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு மட்டும் தாமதமானதற்கு பெங்களூரு சில்க் போர்டு சிக்னல்தான் காரணமாக இருக்கும். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மாமனாருக்கு இன்னும் வந்து சேரவில்லை. கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர்க்காரர் அவர். “பந்து எந்த எண்ணெயில ஊறுது மாப்ளே?” என்று போனில் விசாரிக்கிறார்.

என் நோய்க்குப் பெயர் ஃபோர்ஹேண்டு டிரைவ். பந்து ஒருமுறை தரையில் குதித்து எழுந்ததும், வலையை உரசுகிற மாதிரி தாழ்வாக, வேகமாக, எதிராளி மேல் செலுத்துகிற அடி. நான் அடித்தால் பந்து எதிராளி மேல் போகாது, எதிராளிக்கு மேலே போகும். ஓர் ஏகாரத்தில் என் ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜா பறிக்கும் அக்காக்கள் தினமும் பூக்கூடையில் நாலைந்து பந்துகளைப் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். என்றாவது இரண்டுதான் இருந்தால், “இன்னிக்கு மகசூல் கம்மி சார்” என்பார்கள்.

நான் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு குறை வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். டொயோட்டாவில் தொடங்கிய இந்த வழக்கம் சிப்காட்டில் காலைப் பிரார்த்தனை மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏ4 தாளை எடுத்து, என் டிரைவுக்கு ஒய்-ஒய் அனாலிசிஸ் போட்டேன்.

ஏன் பந்து மேலே போகிறது? மட்டையின், அதாவது பேடிலின், முகம் வானம் பார்ப்பதால்.

ஏன் வானம் பார்க்கிறது? அடிக்கும்போது நான் பின்னால் சாய்வதால்.

ஏன் சாய்கிறேன்? பந்து உடம்புக்கு முன்னால் இருக்கும்போதே அடிக்காமல், இடுப்பைத் தாண்டவிட்டு அடிப்பதால்.

ஏன் தாண்ட விடுகிறேன்? கையை முதுகு வரை ஓங்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் நேரமாகிவிடுவதால்.

ஏன் ஓங்குகிறேன்?

ஐந்தாவது ஏனில் பேனா நின்றது. கண்ணை மூடி யோசித்தால் பந்தில் ஒரு முகம் தெரிந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்து, என் மேசை மேல் இருக்கும் வெர்னியரை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “காலிபிரேஷன் ஸ்டிக்கர் எங்கே?” என்று கேட்கிற ஆடிட்டரின் முகம். அவரிடம் இத்தனை வருஷமாக, “க்ளோஸ் பண்ணிடறோம் சார்” என்பதைத் தவிர நான் வேறெதுவும் பேசியதில்லை. பேசாததெல்லாம் சேர்ந்துதான் காலை ஆறு மணிக்குக் கையை ஓங்குகிறது. படிவத்தில் மனிதன், இயந்திரம், பொருள், முறை என்று நான்கு கட்டங்கள். ஆடிட்டரை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் காலியாக விட்டேன்.

பிறகு பொருளின் மேல் சந்தேகம் வந்தது. பந்துதான் குறையோ? விதிப்படி, பந்தை 78 அங்குல உயரத்திலிருந்து ஒரு கிரானைட் பலகையின் மேல் போட்டால் 30 முதல் 34 அங்குலம் வரை எழும்ப வேண்டும். உலகத்தில் மற்றவர்கள் இதற்காகக் கிரானைட் தேடட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் வீட்டு வாசற்படியே கிரானைட். சுவரில் டேப் ஒட்டி, ஸ்டூலில் ஏறி நின்று பந்தைப் போட்டேன். மகன் மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்தான். 32 அங்குலம். வீட்டுக்காரி காபியோடு வந்து பார்த்துவிட்டு, “பந்து பாஸா? அப்ப அடிக்கிறவர்தான் ரிஜெக்டாங்க?” என்றாள்.

அவள் கேலி செய்தாலும் அந்த 32 அங்குலத்தில் விஷயம் இருந்தது. டென்னிஸ் பந்து விழுந்த உயரத்தில் பாதிக்கு மேல் எழும்பும். இது பாதிகூட வராது. பந்து நம் இடுப்புக்கு ஏறி வராது, நாம்தான் முட்டியை மடக்கி அதன் உயரத்துக்கு இறங்க வேண்டும். நான் விறைப்பாக நின்றுகொண்டு கையை மட்டும் கீழே விட்டு, கிணற்றில் வாளியை இழுப்பது போல வாரிக்கொண்டிருந்தேன். வாரினால் மேலேதானே வரும்?

இந்தச் சமயத்தில் எனக்கு ஒரு கோச் கிடைத்தான். தேன்கனிக்கோட்டைப் பையன், டிப்ளமோ முடித்துவிட்டு என் டிபார்ட்மெண்டிலேயே அப்ரண்டிஸ். எட்டரைக்கு மேல் அவன் எனக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டும், எட்டரைக்கு முன்னால் நான் அவனுக்கு. ரொம்ப மரியாதையான பையன். எந்தத் தப்பைச் சொன்னாலும், “தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்று ஆரம்பிப்பான். அதை எத்தனை முறை சொன்னான் என்று எண்ணினால் அன்றைய என் தவறுகளின் கணக்கு சரியாக வந்துவிடும்.

முதல் நாள் என்னைக் கம்பி வேலிக்கு முதுகைக் காட்டி, ஓரடி தள்ளி நிற்கவைத்தான். பந்தைப் போட்டான். ஓங்கினேன். பேடில் வேலியில் இடித்தது. ஜிங்! மறுபடி போட்டான். ஜிங்! இருபது பந்துக்கு இருபது ஜிங். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “காலங்காத்தாலயே குல்ஃபிக்காரனா?” என்று ஒரு குரல் கேட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ஸ்ட்ரோக் நீளம் ஜாஸ்தி. பிரஸ்ல இவ்ளோ ஸ்ட்ரோக் வெச்சா டை என்னாவும்?”

“உடையும்.”

“கையை ஓங்காதீங்க. தோளைத் திருப்புங்க, போதும். பேடில் தானா பின்னால போவும்.”

உண்மைதான். பந்து வரும்போதே இடது தோள் வலைப் பக்கம் வருகிற மாதிரி உடம்பைத் திருப்பினால், பேடில் ஓரடி பின்னால் போய் நிற்கிறது. அதற்கு மேல் போக வேண்டியதில்லை. முட்டியை மடக்கி, பின்கால் பாரத்தை முன்காலுக்கு மாற்றி, பந்து முன்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும்போதே தொட வேண்டும். மட்டை கீழிருந்து தொடங்கி எதிர்த்தோள் பக்கம் போய் முடிய வேண்டும். சொல்ல எளிது. நான் தோளைத் திருப்பினால் முட்டி மடங்காது, முட்டியை மடக்கினால் தோள் திரும்பாது.

இரண்டாவது வாரம் பையன் என் கையைப் பார்த்தான். விரல்களெல்லாம் வெளுத்திருந்தன.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். டார்க் ரெஞ்சை எப்படிப் பிடிக்கணும்னு எனக்கு யாரு சார் சொல்லிக் கொடுத்தது?”

நான்தான். புதிதாக வருகிற ஒவ்வொரு பேட்ச் பிள்ளைகளுக்கும் முதல் நாள் நடத்துகிற பாடம் அது. முரட்டுப் பிடி வேண்டாம், சீராக இழு, ‘டக்’ என்று சத்தம் வந்ததும் விட்டுவிடு. அதற்கு மேல் வீரம் காட்டி ஓர் இழுப்பு இழுத்தால் போல்ட் இறுகாது, மரை போய்விடும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்தது. அதே நான், கால் கிலோகூட இல்லாத மட்டையை, லாரி சக்கரத்து நட்டைக் கழற்றுகிறவன் மாதிரி நெரித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே வருகிற பந்தோ அதிகம் போனால் 26.5 கிராம். மரை கழன்றிருப்பது எங்கே என்று பையன் சொல்லவில்லை. சொன்னேனே, மரியாதையான பையன்.

“முழு பலம் பத்துன்னா, நாலு வெச்சுப் பிடிங்க சார்” என்றான். இறுக்கினால் முன்கை முறுக்கிக்கொள்கிறது, முறுக்கிய கை வேகமாக வீசாது. நாலு வைத்துப் பிடித்தபோது பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு போனது. போனது என் பந்துதானா என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து ரோஜாத் தோட்டக்காரர் “மெல்லகா, மெல்லகா” என்றார். அத்திப்பள்ளிக்காரர் “கை பிடி சார், கை பிடி” என்றார். கையை இறுக்காதே, விடு என்கிறார். மட்டையை எப்படிப் பிடிப்பது என்ற என் கேள்விக்கு, கன்னடம் அந்தச் சொல்லிலேயே பதிலை வைத்திருந்திருக்கிறது. பிடி.

ஜிங் எண்ணிக்கை இருபதிலிருந்து பன்னிரண்டாகி, நாலாகி, ஒரு மாதத்தில் நின்றுபோனது. பூக்கூடையில் பந்து வருவதும் நின்றது. வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. நடுவில் அடித்தால் இரண்டு அங்குலம் ஆடித் தள்ளுபடி என்று தெரிந்துகொண்டேன். எதிராளியின் வலது இடுப்பைக் குறிவைத்தால், மட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு நொடி அவர் குழம்புவார். வலைக்குக் கீழே தாழ்ந்துவிட்ட பந்தை டிரைவ் அடிக்கப் பார்க்கக் கூடாது, மெதுவாகத் தூக்கித்தான் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: டிரைவிலேயே பாயிண்ட் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. “ஆடிட்டர் கேள்வி மாதிரி சார். கேட்டுட்டு சும்மா நிக்கணும். எதிர்ல இருக்கிறவங்க உளறுவாங்க. அந்த உளறலை அடிக்கணும்” என்றான் பையன். என் ஐந்தாவது ‘ஏன்’ பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை.

மார்கழியில் ஒரு காலை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் யாரென்று தெரியாத பனி. குளிரில் பிளாஸ்டிக் விறைத்து ஒரு பந்து ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. நானும் பையனும் ஓரணி. எதிரே அத்திப்பள்ளிக்காரரும் ரோஜாத் தோட்டக்காரரும். 11 எடுத்தால் ஆட்டம், ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். அத்திப்பள்ளிக்காரர் “ஹத்து ஒம்பத்து எரடு” என்று சர்வ் போட்டார். அவர்களுக்குப் பத்து, எங்களுக்கு ஒன்பது.

பந்து என் ஃபோர்ஹேண்டுக்கு வந்தது. தோளைத் திருப்பினேன். முட்டி மடங்கியது. பிடி நாலு. பந்து வலையின் நடுவே, தள்ளுபடி விலையில் கடந்து, அத்திப்பள்ளிக்காரர் காலடியில் குதித்து அவர் வலது இடுப்புப் பக்கம் சீறியது. அவர் குழம்பி மட்டையை எப்படியோ நீட்ட, பந்து சொத்தையாக எழும்பி, பனிக்குள் மிதந்து, என் தலைக்கு மேல் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அவர் உளறிய பதில். ஒரு மாதம் வேலியில் ஜிங் ஜிங் என்று இடித்ததெல்லாம் இந்த ஒரு பந்துக்காகத்தான்.

“புடிங்க சார், புடிங்க!” என்று பையன் கத்தினான்.

இந்த முறை நான் ஏமாறவில்லை. மூளை தாய்மொழிக்கு ஓடவில்லை, எல்லை தாண்டிப் போய் அர்த்தம் பார்த்து வந்தது. மட்டையைக் கீழே இறக்கி, ஒரு காலைப் பின்னால் வைத்து, பந்துக்கு வழிவிட்டு நின்றேன். அது நிதானமாக இறங்கி, பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

எதிர்ப்பக்கம் இருவரும் பேடிலைத் தட்டிக்கொண்டார்கள். “ஏன் தம்பி, விடுன்னுதானே சொன்னே?” என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் தமிழ்லதான் சொன்னேன்.”