ஜெர்மன் தொகைச்சொற்களைப் பிரிக்கும் வகை

ஜெர்மன் படிக்கத் தொடங்கும் தமிழர் சொல்லின் நீளத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். நீளம் ஒரு பொருட்டே அல்ல. நம்மைத் தடுப்பது நம் நாக்கின் புணர்ச்சிப் பழக்கம். நிலைமொழி மெய்யில் முடிந்து வருமொழி உயிரில் தொடங்கினால், இரண்டையும் ஒட்டாமல் நமக்கு இருப்புக்கொள்ளாது. கடல் அலை நம் வாயில் கடலலைதான். ஜெர்மன் அந்த இடத்தில் ஒட்டவிடாது.

ஷ்பீகல் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஐ என்றால் முட்டை. சேர்ந்தால், மஞ்சள்கரு உடையாமல் பொரித்த முட்டை. இதை ‘ஷ்பீகலை’ என்று சொல்வது பிழை. ‘ல்’ முடிந்ததும் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்து ‘ஐ’ சொல்ல வேண்டும். ரொட்டிக்கடையைக் குறிக்கும் ‘பெக்கரை’யிலும் இறுதியில் ‘ஐ’ உண்டு. ஆனால் அது விகுதி. ஆகவே முன்னிற்கும் ரகரத்தோடு சேர்ந்து ‘ரை’ ஆகிறது, அழுத்தமும் அதன்மேலேயே விழுகிறது. உயிரில் தொடங்கும் விகுதி ஒட்டும், சொல் ஒட்டாது. இந்த ஒரு விதி கைவந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிரிக்கும் இடம் பிசகினால் ஒலியே மாறிவிடும். நம் பிரிமொழிச் சிலேடைக்கு ஈடான சொற்கள் அங்கும் உண்டு. ஒரே எழுத்துக்கோவையை ‘வாஹ்-ஷ்டூபெ’ என்று படித்தால் காவலர் அறை. ‘வாக்ஸ்-டூபெ’ என்று படித்தால் மெழுகுக் குழாய். நடுவிலுள்ள ஸகரம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்து, அதன் ஒலியும் அதற்கு முன்னுள்ள ஒலியும் வேறாகின்றன. பொருள் தெரியாமல் இதை வாய்விட்டுப் படிக்கவே முடியாது.

கப்பல் போக்குவரத்துக்கான ‘ஷிஃப்ஃபார்ட்’டில் 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் மூன்று எஃப் எழுதுகிறார்கள். முன்பு இரண்டுதான், வரியின் ஓரத்தில் சொல்லை உடைத்தால் மட்டும் மூன்றாவது வந்து சேரும். மூன்றும் நிற்பதே முறை என்பேன். காதுக்கு வேறுபாடில்லை, ஆனால் கண்ணுக்கு மூட்டு தெரிகிறது.

இனி, 1999-இல் மெக்லன்பர்க்-ஃபோர்பொம்மர்ன் மாநிலம் இயற்றி 2013-இல் நீக்கிய சட்டத்தின் பெயர்: 63 எழுத்து, 20 அசை. ரிண்ட் - ஃப்ளைஷ் - எட்டிகெட்டீருங்ஸ் - ஊபர்வாஹுங்ஸ் - அவுஃப்காபன் - ஊபர்ட்ராகுங்ஸ் - கெஸெட்ஸ். மாட்டிறைச்சி லேபிள் ஒட்டல் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம். வரிசையைப் பாருங்கள், அப்படியே தமிழ் வரிசை. ‘சட்டம்’ இரண்டிலும் கடைசியில்தான். ‘உங்’ என முடியும் மூன்று சொல்லுக்குப் பின்னும் வரும் ‘ஸ்’ நம் சாரியை போன்றது. அதை நிலைமொழியோடு நிறுத்த வேண்டும். மூட்டுகள் ஆறு, அவற்றில் நான்கில் வருமொழி உயிரில் தொடங்குகிறது, எனவே தொண்டையை அடைப்பதும் நான்கு முறை. ‘ஊ’வுக்கு நாக்கை ‘ஈ’ போல வைத்து, உதட்டை மட்டும் குவிக்க வேண்டும்.

உரத்த அழுத்தம் முதல் அசையான ‘ரிண்ட்’டுக்கு. அதன் கடைசி ஒலி ‘வண்டி’யின் டகரம் அன்று, ‘பாட்டு’வின் டகரம்.