எட்டு அணைக்கட்டும் ஒரு கல்விக் கடனும்

கருணைக் கடலாகிய பொதுத்துறை வங்கிக் கிளை மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு,

பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் கிடைத்த கல்லூரி ஒதுக்கீட்டு ஆணையோடு வந்து நின்ற நெல் விவசாயியிடம், "சொந்தத்துல கவர்மென்ட் வேலையில யாராவது இருந்தா ஜாமீன் போடக் கூட்டிட்டு வாங்க" என்று, வரிசையே கேட்கும்படி இந்த ஆடியிலும் அருளியிருக்கிறீர்கள். அவர் கேட்டது மூன்றரை லட்சம் கல்விக் கடன். 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம் என்கிறது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். அது தங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் எங்கள் நாக்கு அழுகிவிடும். தாமிரபரணியே எட்டு அணைக்கட்டைத் தாண்டித்தான் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. விண்ணப்பம் மட்டும் நேரே போய்விடலாமா?

முதலாவது அணைக்கட்டு கோடைமேலழகியான்: "உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியா இல்லை." அதைச் சொல்லி மறுக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டாயிற்று. அடுத்தது நதியுண்ணி: சிபில் மதிப்பெண். அது குறைவு என்பதற்காகவே மாணவருக்குக் கடனை மறுக்கக் கூடாதென 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. செங்கோட்டைக் கணவாய் தாண்டி அந்தச் சத்தம் இங்கே வரவில்லை போலும். மூன்றாவது கன்னடியன்: 2015இல் தொடங்கிய வித்யாலட்சுமி தளத்தில் பதிந்த அதே விவரத்தை மூன்று செட் ஜெராக்ஸாகவும் தர வேண்டும்.

கல்விக் கடன் வாராக்கடனாகிறது என்பீர்கள்; இது நான்காவது, அரியநாயகிபுரம். ஆகத்தான் செய்கிறது. படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காதவனால் தவணை கட்ட முடியாது. அந்தப் பயத்துக்காகத்தானே 2015இல் மத்திய அரசு உத்தரவாத நிதியை வைத்தது? ஈடில்லாமல் தரும் 7.5 லட்சம் வரையிலான கடன் மூழ்கினால் முக்கால் பங்கை அது ஏற்கும். அரசாங்கமே ஜாமீன் நிற்கும்போது அரசாங்க உத்தியோகஸ்தர் எதற்கு? முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறதே என்பது ஐந்தாவது, பழவூர். சலுகை கல்விக் கட்டணத்தோடு நின்றுகொள்ளும். விடுதியும் மெஸ்ஸும் பஸ்ஸும் நிற்பதில்லை. கட்டணக் கெடு வரும்போது கார் நெல் வயலில் பச்சையாக நிற்கிறது.

அணைக்கட்டு என்றால் வாய்க்கால் இருக்கும். தங்கள் வாய்க்கால் பக்கத்து நகைக்கடன் கவுண்டருக்குப் பாய்கிறது. அங்கே யாரும் ஜாமீன் கேட்பதில்லை. அப்ரைசர் உரைகல்லில் உரசி, தராசில் வைத்து, சீட்டெழுதினால் பணம். ஆனால் படிப்பு நான்கு வருஷம், நகைக்கடன் ஒரு வருஷம். பிள்ளை முதலாண்டைத் தாண்டும் முன்பே அம்மாவின் வளையலை மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். சம்பாதித்த பின் கட்டட்டும் என்று தவணையைத் தள்ளிவைத்த திட்டத்தின் உயிரே அதில் போய்விடுகிறது. நிலமும் நகையும் இல்லாதவனுக்காக எழுதிய கடனை, அவை உள்ளவனைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறீர்கள். இது அயோக்கியத்தனம்.

மன்னிக்க வேண்டும், பேனா வழுக்கிவிட்டது. கவர்மென்ட் கையெழுத்து இல்லாமல் முடியவே முடியாது என்றால் ஒரு யோசனை: எங்களுக்குத் தெரிந்தவர்களில் கவர்மென்ட் சம்பளத்துக்குக் கிட்டத்தில் இருப்பவர் தாங்கள் ஒருவர்தான். அனுமதித் தாளில் தாங்களே போட்டுவிட்டால், ஒரே கையெழுத்தில் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டமும் தாண்டிவிடும்.

இப்படிக்கு,
ஆறாவது அணைக்கட்டான சுத்தமல்லியில் தேங்கி நிற்கும் விண்ணப்பங்களின் சார்பில்.