லோ வோல்டேஜ் வைத்தியம்

ஏண்டா பேராண்டி, பௌர்ணமிக்கு ஊரே திரண்டு மலையைச் சுத்துது, தேரடி வீதியில மைக்செட்டு அலறுது. அதையும் மீறித் தனியாக் கேக்குதே ஒரு இரைச்சல், அது உன் லேப்டாப்பு ஃபேனா? கீழே ஃபேன் வெச்ச தட்டு, பக்கத்துல டேபிள் ஃபேன், மேல ஏசி. இளநீர் ஒண்ணுதான் பாக்கி, அதையும் வெட்டி ஊத்திடு.

சாமியே இங்க முதல்ல நெருப்பு மலையா நின்னவரு. அப்புறம் மாணிக்கமாகி, பொன்னாகி, கலியுகத்துல கல்லாக் குளிர்ந்துட்டாரு. இல்லன்னா 14 கிலோமீட்டரு எவன் சுத்துவான்? அந்த எரக்கம் உன் சிப்புக்கு இல்ல. 100 டிகிரி கிட்டப் போனதும் வேகத்தைச் சுருட்டிக்கிட்டுப் படுத்துடுது. கடன் வாங்கி வாங்கின வேகம் கத்திரி வெயில்ல மட்டும் லீவு.

வைத்தியம் சொல்றன். வோல்டேஜைக் குறை.

சிரிக்காதே. லோ வோல்டேஜ்தான்டா எனக்குச் சோறு போட்டுது. சாயங்காலமானா கம்பியில கரண்டு இளைச்சுடும். கிணத்து மோட்டாரு அதே தண்ணியைத் தூக்கணும்னு ஆம்பியரைக் கூட இழுக்கும், காயில் கருகும். விடிஞ்சா சைக்கிள் கேரியர்ல மோட்டாரைக் கட்டிக்கிட்டு யாராச்சும் என் கடை வாசல்ல நிப்பாங்க. ஆனா உன் சிப்பு தண்ணி எறைக்கிற ரகமில்ல. உள்ளே கோடிக்கணக்குல சுவிட்சு. ஒவ்வொரு தபாவும் போட்டு அணைக்கையில கொஞ்சம் மின்சாரம் நிரம்பி வடியுது. வோல்டேஜ் குறைஞ்சா நிரம்புற அளவும் குறையும், தள்ளுற விசையும் குறையும். ரெண்டு பக்கமும் லாபம். பத்துல ஒரு பங்கு குறைச்சா, சுவிட்சு தின்ற வாட்டுல 19 சதவீதம் மிச்சம். 0.9-ஐ 0.9-ஆல பெருக்கிப் பாரு, இன்ஜினியருதானே நீ?

அப்ப கம்பெனிக்காரன் ஏன் கூட வெச்சான்? ஒரே அச்சுல வந்தாலும் எல்லாச் சிப்பும் ஒண்ணா இருக்காது. சோப்ளாங்கிச் சிப்பும் விழாம ஓடணும்னு எல்லாத்துக்கும் தாராளமா ஊத்திட்டான். உன்னுது கெட்டிக்காரச் சிப்புன்னா அந்தத் தாராளம் வெறும் சூடு. கெட்டிக்காரனா இல்லையான்னு ஓட்டித்தான் பாக்கணும், சொந்தக்காரனை வெச்சு முடிவு பண்ண முடியாது.

இன்டெல் சிப்புக்கு த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு இலவச சாஃப்ட்வேரு இருக்குது. 10 மில்லிவோல்ட் குறை. கனமான வேலை குடுத்து ஒரு நாள் பாரு. அப்புறம் இன்னொரு 10. உனக்குத்தான் பொறுமை கெடையாதே, யூடியூப்ல எவனோ 150 குறைச்சான்னு ஒரே வெட்டா வெட்டுவ. நீலத் திரை வரும். வோல்டேஜ் குறைச்சதால சிப்பு கருகாது, சேவ் பண்ணாத உன் கோடுதான் போவும். அது போனா யாருக்கு நஷ்டம்னு நான் சொல்ல மாட்டன். ஒழுங்கா ஓடுதுன்னு தெரியறதுக்கு முன்னாடி, மிஷின் ஆன் ஆவும்போதே அந்த அளவு தானா ஏறுற மாதிரி வெச்சிடாதே. தெறக்கும், விழும், மறுபடி தெறக்கும், மறுபடி விழும். எங்க விழுந்துதோ அங்கேர்ந்து ரெண்டு படி மேல ஏத்தி நிறுத்திக்கோ.

அளவு நகரவே மாட்டேங்குதா? அதுக்கு ஒரு கதை இருக்குது. 2019 டிசம்பர்ல பர்மிங்காம், கிராட்ஸ், லூவென் பல்கலைக்கழக ஆளுங்க ஒண்ணு காட்டினாங்க. வோல்டேஜைத் தந்திரமாக் குறைச்சா சிப்பு தப்புக் கணக்குப் போடும், அதை வெச்சே உள்ளே பூட்டின ரகசியத்தைக் கறக்கலாம்னாங்க. ப்ளண்டர்வோல்ட்னு பேரு வேற. பதறிப்போன இன்டெல், பயாஸ் வழியா அந்தக் கதவைப் பூட்ட ஏற்பாடு பண்ணிடுச்சு. திருடன் எங்கியோ, பூட்டு உன் வீட்டுக்கு. சில பயாஸ்ல தெறக்க இடம் வெச்சிருப்பாங்க, தேடு.

இல்லன்னா விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல ப்ராசஸரோட உச்ச அளவை 100-லேர்ந்து 99 ஆக்கு. பெரும்பாலும் டர்போ அடங்கிடும். வேகம் கொறையும்தான். நீ பாக்குற வேலைக்கு அது தெரியாது.

இதுக்கெல்லாம் முன்னாடி லேப்டாப்பைத் தட்டோட மெத்தை மேலேர்ந்து எடுடா! காத்து போற ஓட்டையை அடைச்சு வெச்சுட்டு வோல்டேஜாம்.

ஒண்ணு இப்பவே சொல்லிப்புடறன். ஃபேன் அடங்கிட்டா, "சார், இரைச்சல்ல நீங்க சொன்னது காதுல விழல"ன்னு மேனேஜர்கிட்ட சொல்ற சாக்கு போச்சு. வேற சாக்கு நீயே யோசிச்சுக்கோ. கரண்டு போச்சுன்னு மட்டும் சொல்லாதே, லேப்டாப்பு பேட்டரியில ஓடும்னு அந்தாளுக்கும் தெரியும்.