கேட்டதற்குச் சொன்ன சர்வர்

கேள்வி: வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளுக்குள் இருக்கும் நம் தரவை வெளியே எடுக்க நாமே கருவி செய்தால் தப்பா?

பதில்: தப்பென்று ஒரு கம்பெனி குதித்ததால்தான் நமக்குக் ‘கிட்’ கிடைத்தது! லினக்ஸ் கர்னலின் வரலாறு அப்போது அந்தக் கம்பெனியின் ‘பிட்கீப்பர்’ என்ற வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளில் இருந்தது. அதன் சர்வரோடு பேசி வரலாற்றை இறக்கும் ‘சோர்ஸ்புல்லர்’ கருவியை எழுதினார் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல். புரோட்டோகாலைத் திருடினாரா? 2005-ல் மேடையிலேயே காட்டினார்: டெல்நெட்டில் நுழைந்து ‘ஹெல்ப்’ என்று தட்ட, சர்வரே கட்டளைகளை வரிசையாக ஒப்பித்தது! கம்பெனியோ இலவசப் பதிப்பையே நிறுத்தியது. டிரிட்ஜெல்லைத் திட்டித் தீர்த்த லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், தானே உட்கார்ந்து கிட் எழுதினார். அதில் வரலாற்றை மொத்தமாகக் கொட்ட ‘ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட்’ என்று கட்டளையே உண்டு. பிட்கீப்பரும் 2016-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. ஆளில்லாத கடையில் இலவச டீ!