அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருமே படிக்கவில்லை

தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது 2006-ல். நான் ப்ளஸ் ஒன் சேர்ந்து, இனி டி.வி. பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டதும் அதே வருடம்தான். போதாக்குறைக்கு, விஜய் டி.வி.யும் அப்போதுதான் 'கனா காணும் காலங்கள்' தொடரை ஆரம்பித்தது. அம்மாவின் 'கோலங்கள்' மட்டும் உத்தரவுக்குக் கட்டுப்படாது. அதன் நாயகி அபி படும் கஷ்டத்தைப் பார்த்தால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு.

'கனா காணும் காலங்கள்' தொடரில் வந்தது ஒரு கனவுப் பள்ளிக்கூடம். பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்காருவார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். யாருக்காவது மனசு சரியில்லை என்றால் மொத்த வகுப்புக்கும் மனசு சரியில்லாமல் போகும். எங்கள் மெட்ரிக் பள்ளியில் மாடிப்படியே தனித்தனி. ஒரு பையனிடம் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு வாங்கினால் மறுநாள் பேரண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதைவிடப் பெரிய வேடிக்கை, எங்களுக்கு ப்ளஸ் ஒன்னே கிடையாது. ப்ளஸ் ஒன் புத்தகத்தை ஜூன் மாதமே மூட்டை கட்டிவிட்டு நேராக ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பப்ளிக் எக்ஸாம் இல்லாத வகுப்பை எதற்கு நடத்த வேண்டும்? ஆக, டி.வி.யில் என் வயதுப் பிள்ளைகள் கனாக் கண்டுகொண்டிருந்த வருடம் என் வாழ்க்கையில் அதிகாரபூர்வமாக நடக்கவே இல்லை.

தொடரின் தலைப்பை ஒரு பாடல் வரியிலிருந்து எடுத்திருந்தார்கள். '7ஜி ரெயின்போ காலனி' படத்தில் படிப்பு ஏறாமல் அப்பாவிடம் அடி வாங்கும் பையனின் பாட்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கவனித்திருந்தால் கேபிளையே வெட்டியிருப்பார்கள்.

வகுப்பில் பாதிப் பேர் தொடரில் நடித்த யுதன் பாலாஜி கட்சி; அவர் எங்களுக்கு 'ஜோ'. மீதிப் பேர் இர்ஃபான் கட்சி. என் தோழியின் ஸ்லாம் புக்கில் 'ஃபேவரிட் ஹீரோ' என்ற இடத்தில் ஜோ என்று எழுதிவிட்டு, பயம் வந்து, மேலே ஒயிட்னர் பூசி 'அப்துல் கலாம்' என்று திருத்தினேன். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கலாமுக்கு அடியில் ஜோ தெரிவார். எல்லோரும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

பிளாக் பாண்டிக்கு மட்டும் கட்சியே இல்லை, சிரிப்புதான். 2010-ல் 'அங்காடித் தெரு' படம் பார்த்தபோது அதே பாண்டி, ப்ளஸ் டூ முடித்த நண்பனோடு ரயிலேறி, ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றார். யூனிஃபார்ம் கழற்றிய பிறகு பல பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்பதை விஜய் டி.வி. சொல்லவில்லை, இயக்குநர் வசந்தபாலன் சொன்னார். (நியாயமாகப் பார்த்தால் அது விஜய் டி.வி.யின் வேலையும் இல்லை.) தொடர் பின்னாளில் கல்லூரிக்குப் போனது, அதில் நடித்த கவின் அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். 2022-ல் அதே பெயரில் புதுப் பிள்ளைகளை வைத்து ஹாட்ஸ்டாரில் மறுபடி பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் அந்தப் புதியதைப் பார்க்கிறாள், ஒன்றரை மடங்கு வேகத்தில். நீட் ஃபவுண்டேஷன் கோச்சிங்குக்கும் டியூஷனுக்கும் நடுவில் அவளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். எங்கள் காலத்து அசலைப் பார் என்று பெருமையாக ஒரு பழைய எபிசோடைப் போட்டுக் காட்டினேன். ஒருவன் ஒருத்தியைப் பார்க்கிறான். கேமரா மூன்று தடவை அவன் முகத்துக்குப் பாய்கிறது. பின்னணியில் இசை.

"சித்தி, இவன் லவ் பண்றானா, இல்ல நெஞ்சு வலிக்குதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் கரும்பலகைக்குப் போய்விட்டது. இந்தப் பிள்ளைகள் போர்ஷனை எப்போது முடிப்பார்கள், ரிவிஷன் எப்போது?

"இந்த ஸ்கூல்ல அட்மிஷன் கிடைக்குமா சித்தி?" என்றாள்.

"அங்கெல்லாம் சென்டம் வராது," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அப்பாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் ஓடிவந்து எனக்காக டி.வி.யை அணைத்த அக்கா, இப்போது வந்து வைஃபையை அணைத்தாள்.