ஆகாயத்தில் ஒரு மணி நேரம்

சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். வாழ்க! நேர்கோட்டில் அளந்தால் சுமார் 265 கிலோமீட்டர். சின்ன ஏடிஆர் விமானம் ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தயாராகிவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் சேராத கணக்கு ஒன்று தரையில் கிடக்கிறது. சேலம் டவுனிலிருந்து ஓமலூர் தாண்டிக் காமலாபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். முன்கூட்டியே போய்ப் பையைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஜிஎஸ்டி ரோட்டு நெரிசல் மாலையோடு வரவேற்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்ப்பதற்குள், சேலம் ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறியவர் நான்கு மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் இறங்கிக் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

போகட்டும், வேகம் யாருக்கு வேண்டும்? விழாதானே முக்கியம்! காமலாபுரத்துக்கு விழாக்களில் குறைவே இல்லை. 1993-இல் திறந்தார்கள், சேவை நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களை விமானத்தில் இணைக்கும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. சேலத்துக்காரரான அன்றைய முதல்வரே தொடங்கி வைத்தார். அதுவும் 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை, மறுபடி சிரித்த முகங்கள். ஒரே பிள்ளைக்கு வருஷா வருஷம் பெயர் சூட்டு விழா நடத்தும் வீடு மாதிரி.

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானம் ஏற வேண்டும் என்று 2017 ஏப்ரலில் சிம்லாவில் உடானைத் தொடங்கி வைத்துப் பிரதமர் சொன்னார். அப்போது ஒரு மணி நேரப் பறத்தலுக்கு 2,500 ரூபாய், அதுவும் பாதி இருக்கைகளுக்குத்தான். மீதி இருக்கைக்குச் செருப்பு என்ன, ஷூவே போட்டாலும் கம்பெனி வைத்ததுதான் விலை. நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று வருஷம் மானியம். அதற்காகப் பெரிய ஊர்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் மீது வரி. கடைசியில் அது டிக்கெட் வாங்குகிறவன் தலையில்.

விளைவை நான் சொன்னால் அரசியல் என்பார்கள். 2023-இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொல்லட்டும்: உடானின் முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டு மானியக் காலத்தை முடித்தவை 112. அதன் பிறகும் பறந்தவை 54. ஒதுக்கியதில் நூற்றுக்கு ஏழு! பள்ளிக்கூடத்துப் பிள்ளை இந்த மார்க் வாங்கி வந்தால் வாத்தியார் தோலை உரித்திருப்பார். இங்கே அடுத்த சுற்று ஏலம் விட்டார்கள்.

இந்த வேடிக்கையை நான் சிரித்துக் கடந்துவிடுவேன், நிலம் மட்டும் நடுவில் இல்லாதிருந்தால். 2018-இல் அதே காமலாபுரத்தை விரிவாக்க, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி வரை சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். அதே வருஷம் அதே சென்னைக்குப் போக 277 கிலோமீட்டர் எட்டு வழிச்சாலைக்கு வயலில் கல் நட்டார்கள். எதிர்த்து வாய் திறந்தவர்களைக் கைது செய்தார்கள். வாழையும் தென்னையும் நிற்கிற மண்ணைப் பறிகொடுப்பவன் எந்த விமானத்தில் ஏறி எந்த ஊருக்குப் போவான்? யாருக்கு அவசரமோ அவர்களுக்கு நிலம் இல்லை. யாருக்கு நிலமோ அவர்களுக்கு அவசரம் இல்லை.

சேலத்துக்காரரே, அடுத்த தொடக்க விழாவுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். கைதட்டும் முன்பு எழுந்து நின்று, இந்த முறை எத்தனை வருஷம் என்று மேடையைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.