சிந்தாமணிக்கு எத்தனை சதவீதம்?

அனுப்புநர்: இரவு பத்து மணிக்கு மேல் புத்தகம் படிக்கும் வரி கட்டுநர் ஒருவன், மதுரை.

பெறுநர்: சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தார், புது தில்லி.

பொருள்: புத்தகத்தின் பூர்வீகம் விசாரித்து வரி விதித்தல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களின் 28ஆவது கூட்ட முடிவு, நாள் 21.07.2018.

பெருமதிப்புக்குரிய மன்றத்தாருக்கு,

நான் காகிதம், மின்னூல் என்று இரண்டு விதமாகவும் படிக்கிறவன். கவிதை என்றால் எனக்குக் காகிதம்தான் வேண்டும். பக்கத்துக்கு நாலு வரி போட்டு மிச்சத்தை வெள்ளையாக விட்டிருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் கொடுத்த காசு எங்கே போனது என்று தெரியும். ஆயிரம் பக்க நாவலென்றால் மின்னூல் கருவி. மல்லாந்து படித்துக்கொண்டே கண்ணயர்ந்து கை நழுவினாலும் மூக்குக்குச் சேதம் கம்மி. வெள்ளெழுத்து வந்த பிறகு இன்னொரு சௌகரியம், எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். தாளை மிச்சம் பிடிக்கப் பொடியெழுத்தில் நெருக்கி அடித்த பழைய மலிவுப் பதிப்பில் 'பொன்னியின் செல்வ'னைத் தேடினால், இந்த வயதில் எனக்கு வந்தியத்தேவனின் குதிரைகூடக் கண்ணில் படுவதில்லை.

இதெல்லாம் என் சொந்த விவகாரம் என்றுதான் இருந்தேன். என் படிப்பை நீங்கள் மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருப்பது ஒருநாள் பில்லைக் கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. காகிதப் புத்தகத்துக்கு வரி கிடையாது. அதே புத்தகம் மின்னூலாக வந்தால் 5 சதவீதம். காகிதத்தைப் பார்க்காமல் மின்னூலாகவே பிறந்திருந்தால் 18 சதவீதம்.

2018 வரை எல்லா மின்னூலுக்கும் 18 தான். அந்த ஜூலையில்தான் மனமிரங்கினீர்கள். இரங்கும்போதே இலக்கணமும் வகுத்தீர்கள்: மின்னூல் என்பது சுங்கவரிப் பட்டியல் 4901இல் வரும் அச்சுப் புத்தகத்தின் மின்வடிவம். பெண் பார்க்கப் போன இடத்தில் குலம் கோத்திரம் கேட்பதுபோல, புத்தகத்தைக் கண்டதும் "அச்சில் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் சலுகை.

இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டுவைத்தார். அன்றிலிருந்து ஐயர் ஏடு ஏடாகத் தேடி, ஒப்பிட்டு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, 1887இல் காவியம் முழுவதையும் அச்சில் கொண்டுவந்தார். தமிழுலகம் இதை வேறு காரணங்களுக்காகக் கொண்டாடுகிறது. உங்கள் பட்டியலைப் படித்த பிறகுதான் அசல் பயன் எனக்கு விளங்கியது. 1886இல் யாராவது ஓலையிலிருந்து நேராக மின்னூல் செய்து விற்றிருந்தால் திருத்தக்கதேவருக்கு 18 சதவீதம். 1887க்குப் பிறகு 5. ஏழு வருடம் பாடுபட்டு ஐயர் நமக்கு 13 சதவீதம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

தஞ்சை சரசுவதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் அச்சேறாத சுவடிகள் இன்னமும் உண்டு. அவற்றில் ஒன்றை ஒருவர் படியெடுத்து நேரே மின்னூலாக விற்றால், பல நூற்றாண்டு வயதான அந்த நூலுக்கு நீங்கள் இடும் பெயர் புத்தகம் இல்லை, ஒரு 'சேவை'.

பழங்கதை போகட்டும். அமேசானின் கிண்டிலில் தமிழ் முறையாக நுழைந்த 2016க்குப் பிறகு, பதிப்பாளர் வாசலில் காத்திருக்காமல் நேரே மின்னூல் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். குடும்ப நாவல் எழுதும் பெண்கள் அவர்களில் ஏராளம். சமையலை முடித்துவிட்டு, கைபேசியிலேயே தட்டச்சிட்டு, அத்தியாயம் அத்தியாயமாக எழுதிச் சேர்த்த கதை. அதை வாசிக்கும் பெண்களும் சமையலை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இலக்கியவாதிகள் இந்த நாவல்களை மதிக்க மாட்டார்கள். நீங்கள் மதிக்கிறீர்கள், 18 சதவீதத்துக்கு மதிக்கிறீர்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை. எங்கள் தெருமுனையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை இருக்கிறது. நாவலை அங்கே கொடுத்து ஒரே ஒரு பிரதி அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டால் அது 'அச்சிட்ட புத்தகம்' ஆகிவிடுமா? ஒரு பிரதி போதாதென்றால் எத்தனை வேண்டும்? அதை யாராவது படித்திருக்க வேண்டுமா, அச்சடித்தால் மட்டும் போதுமா? போதும் என்றால் தமிழ்ப் பதிப்புலகில் பலருக்கு நிம்மதி.

இலவச மின்னூல்கள் பற்றியும் தெளிவு தேவை. மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். புதிதாக எழுதி மின்னூலாக மட்டும் இனாமாகத் தருகிறவர்களும் உண்டு. முதல் வகைக்கு நான் கட்ட வேண்டியது 5 சதவீதச் சுழியம், இரண்டாவது வகைக்கு 18 சதவீதச் சுழியம் என்று கணக்குப் போட்டுத் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் ஒப்படைத்துவிடுகிறேன்.

காகிதத்தின் மேல் உங்களுக்கு அத்தனை பாசமா என்றால் அதிலும் குழம்புகிறேன். 22.09.2025 முதல் பள்ளிக்கூட நோட்டுக்கு வரி இல்லை, அந்த நோட்டு செய்யும் தாளுக்கும் இல்லை. நல்ல காரியம். அதே நாளில் புத்தகம் அச்சடிக்கும் தாளுக்கு 12 ஆக இருந்ததை 18 ஆக்கினீர்கள். புத்தகத்துக்கு வரி இல்லாததால், தாளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது சத்தமில்லாமல் அட்டை விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, ஒன்றும் எழுதாத தாளுக்கு விலக்கு, யாரோ எதையோ எழுதிவிட்ட தாளுக்கு 18. எழுத்தாளர்களைப் பற்றி மன்றத்தில் யாருக்கோ திடமான அபிப்பிராயம் இருக்கிறது.

மின்னூல் சேவை என்றே வைத்துக்கொள்வோம். சேவையின் லட்சணத்தைக் கேளுங்கள். பழைய புத்தகத்தைப் படம் பிடித்துக் கணினியைவிட்டுப் படிக்கச் சொல்லி ஆக்கிய மின்னூல்களில், 'ர'வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். கண்ணுக்கு 'அவர்' என்றுதான் தெரியும். தேடினால் அவர் அகப்பட மாட்டார், ஏனென்றால் உள்ளே இருப்பது 'அவா்'. அண்ணன் மகள் கேட்டால் இரவல் கொடுக்க முடியாது. வாங்கியது கையில் இருக்குமா என்பதும் கடைக்காரர் சித்தம். 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் வந்ததும், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய நூலொன்றை அவர்களின் கருவியிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிந்தது ஆர்வெல்லின் '1984' என்பதை நான் வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை, நடந்தது அது. காகிதத்தில் இந்த வேலையைச் செய்ய ராமபாணப் பூச்சிக்கு வருடக்கணக்கில் ஆகும், பணமும் திருப்பித் தராது.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். பரோட்டாவும் ரொட்டியும் ஒன்றா வேறா என்று நாட்டில் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 2025 செப்டம்பரில் சப்பாத்தி, ரொட்டி, பரோட்டா எல்லாவற்றுக்கும், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், வரி கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவைத்தீர்கள். எந்த மாவு, எந்தக் கல், தாய்வழி கோதுமையா மைதாவா என்று கேட்கவில்லை. அந்தக் கோப்பிலிருந்து 'எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்' என்ற சொற்களை மட்டும் நகலெடுத்து 4901 பக்கத்தில் ஒட்டித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் குழு எதுவும் அமைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்று விகிதத்திலும் படித்துக்கொண்டிருக்கும்
தங்கள் வாசகன்.